பந்தாய் கெராச்சுட்டில் கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "விடுமுறைக்குப் பினாங்கு வருகிறோம். ஒன்பது வயதில் ஒன்று, பன்னிரண்டு வயதில் ஒன்று, இரண்டு பிள்ளைகள். கூடவே மாமியார். கடலோரமோ ஏரிக்கரையோ, ஒரு நல்ல பூங்காவாகப் பார்த்துக் கூடாரம் போட்டு இரண்டு மூன்று நாள் தங்க ஆசை. இதுவரை நாங்கள் கூடாரம் போட்டதே இல்லை. எங்கே போகலாம், எப்போது வரலாம், என்னென்ன கொண்டு வரவேண்டும்?"

நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளிச் சாரணர் பிள்ளைகளைப் பல வருடம் முகாமுக்கு அழைத்துப் போனவன். நல்ல முகாமும் பார்த்திருக்கிறேன், நடு ராத்திரியில் கூடாரம் பறந்த முகாமும் பார்த்திருக்கிறேன். சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்காவுக்கு வாருங்கள். அதற்குள் பந்தாய் கெராச்சுட் என்ற கடற்கரை. இரண்டு மூன்று நாள் வேண்டாம், முதல் தடவைக்கு ஒரே ஓர் இரவு. சாமான் படகில் போகட்டும், நீங்களும் பிள்ளைகளும் காட்டுப் பாதையில் நடந்து போங்கள். எப்போது வருவது என்பதைப் பள்ளி விடுமுறையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். மழையையும் நிலாவையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

ஏரிக்கரை என்று கேட்டதால் அதை முடித்துவிடலாம். உங்கள் ஊரிலேயே தித்திவங்சா ஏரி இருக்கிறது, 1888இல் தொடங்கிய பழைய லேக் கார்டன்ஸ் இருக்கிறது. எல்லாம் பகலில் நடக்க, படகு மிதிக்க, பிள்ளைகளை ஓடவிட. கூடாரத்துக்கு இல்லை. பினாங்கிலும் அதே கதைதான். தெலுக் பஹாங் அணையும் பெருநிலத்தில் மெங்குவாங் அணையும் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் இரண்டுமே குடிதண்ணீர் தேக்கங்கள். கரையில் நடக்கலாம், படம் எடுக்கலாம், அதோடு சரி. வரும் வழியில் காரில் வந்தால் தைப்பிங்கில் இறங்கி ஒரு மணி நேரம் ஏரிப் பூங்காவில் நடந்துவிட்டு வாருங்கள். பழைய ஈயச் சுரங்கக் குழிகளை 1880இல் பூங்காவாக மாற்றியது அது. ரோட்டின் மேல் சாய்ந்து தண்ணீரைத் தொடும் மழைமரங்களைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கெராச்சுட்டை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், அங்கே கடலும் ஏரியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கடற்கரை மணலுக்குப் பின்னால், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஏரி. சாதாரண ஏரி இல்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரும் உயர்ந்த கடலேற்றத்தில் உள்ளே வரும் உப்புத் தண்ணீரும் அதில் சேர்கின்றன, ஆனால் கலப்பதில்லை. உப்புத் தண்ணீர் கனம், அடியில் தங்கிவிடுகிறது. நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. இப்படி இரண்டு அடுக்காக நிற்கும் ஏரிகள் உலகத்தில் அதிகம் இல்லை.

இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் "ஓகே அம்மா" என்று போனைப் பார்ப்பார்கள். கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்து காட்டுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிவரை தண்ணீர், அதில் இரண்டு மூன்று கரண்டி உப்புப் போட்டு நன்றாகக் கரைத்துவிடுங்கள். இன்னொரு டம்ளரில் நல்ல தண்ணீர் எடுத்து, கேசரிக்குப் போடும் கலர் ஒரு சிட்டிகை. இப்போது உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு தேக்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் கலர் தண்ணீரை நூல் மாதிரி மெதுவாக ஊற்றவேண்டும். அவசரப்பட்டால் கலந்துவிடும். பொறுமையாக ஊற்றினால் மேலே ஆரஞ்சு, கீழே தெளிவு, நடுவில் கோடு போட்ட மாதிரி நிற்கும். என்னிடம் படித்த ஒரு பையன் அந்த டம்ளரை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மறுநாள் காலையில் "சார், இன்னும் கலக்கவே இல்லை" என்று போன் செய்தான். அப்புறம் ஏரிமேல் போகும் பாலத்தில் நின்றபோது அவனே மற்றவர்களுக்கு வாத்தியார் ஆகிவிட்டான்.

ஒரு எச்சரிக்கை: ஏரியை எதிர்பார்த்து வந்துவிட்டு, சேற்றைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது வருடம் முழுக்க நிறைந்திருக்கும் ஏரி இல்லை. மழைக்காலத்தில் நிறையும், வறண்ட மாதங்களில் வற்றிப்போய் வெறும் தரை தெரியும். இங்கேதான் சிக்கல். கூடாரத்துக்கு நல்ல மாதம் ஏரிக்குக் கெட்ட மாதம். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைத்தால், மழை முடிந்த கையோடு, டிசம்பர் வாக்கில் வந்து பாருங்கள்.

இனி மழையைப் பற்றி. கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் வருடக் கடைசியில், பினாங்குக்குத் திதிவங்சா மலைத்தொடர் ஒரு மதில் மாதிரி நிற்கிறது. அதனால் கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் என்று செய்தி வரும் நேரத்தில் எங்களுக்கு வெயில் அடிக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பினாங்கின் உலர்ந்த காலம். அதிக மழை செப்டம்பர், அக்டோபர், நவம்பர். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல்மழையைப் பினாங்குக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜார்ஜ்டவுனில் வீட்டுக்குள் தண்ணீர், மலைச்சரிவுகளில் மண்சரிவு. அந்த மாதிரி மழைக்குப் பிறகு காட்டில் மரம் சாய்ந்து, பாதை சரிந்து, மாதக்கணக்கில்கூட அடைத்து வைப்பார்கள். ஆகவே எந்த மாதம் வந்தாலும், ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் பூங்கா அலுவலகத்தைக் கேட்டு, கெராச்சுட் பாதை திறந்திருக்கிறதா, முகாம் போட அனுமதி கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பூங்காவை நடத்துவது வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. பெர்ஹிலித்தான் என்றால்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும். நுழைவுக்குப் பெயர் பதிந்து கட்டணம் கட்டவேண்டும், இரவு தங்க அனுமதி தனி. அடையாள அட்டையை மறக்காதீர்கள், உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு.

நடு வருட விடுமுறையில் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 'சுமத்ரா'. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை, மலாக்கா நீரிணைமேல் ராத்திரியில் திரண்டு, விடிவதற்கு முன்னால் நம் கரையில் வந்து மோதும் சூறைக்காற்றுக்கு அந்தப் பெயர். கெராச்சுட் மேற்கு பார்த்த கடற்கரை. அதனால் சூரியன் கடலில் இறங்குவதை அலுக்காமல் பார்க்கலாம், அதே திசையிலிருந்துதான் சுமத்ராவும் வரும்.

ஒரு ஜூன் மாதம் நாங்கள் பதினெட்டுப் பேர், ஐந்து கூடாரம். சாயங்காலம் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்தத் தைரியத்தில் இரண்டு கூடாரத்துக்கு மழையைத் தடுக்கும் மேல்விரிப்பே கட்டவில்லை. புழுக்கம், காற்று வரட்டும் என்று விட்டோம். அது என் முடிவு, என் தவறு. விடியற்காலை நாலு மணிக்கு முதலில் காற்று நின்றது. அலைச் சத்தம்கூட அடங்கின மாதிரி இருந்தது. அப்புறம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு சில்லென்ற காற்று முகத்தில் பட்டது. எழுந்து உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் மழை பக்கவாட்டில் அடித்தது. ஒரு கூடாரம் ஆணியெல்லாம் பிடுங்கிக்கொண்டு, உள்ளே இருந்த மூன்று பையன்களின் பையோடு சவுக்கு மரத்தில் போய்ச் சிக்கியது. நல்லவேளை, பையன்கள் அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். விடியும்வரை எல்லாரும் முகாம் குடிசைக்கடியில் ஒட்டிக்கொண்டு நின்று, டின் பாலைத் திறந்து மிலோ கலக்கிக் குடித்தோம். ஏழரை மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில்.

அன்றைக்குக் கற்றது இரண்டு. வானம் எப்படி இருந்தாலும் மேல்விரிப்பைக் கட்டிவிட்டுத்தான் படுக்கவேண்டும். மற்றது, கூடாரத்தோடு வரும் அந்தக் கம்பி ஆணி மணலில் பிடிக்காது. மண்ணுக்காகச் செய்த ஆணி அது. கெட்டியான பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். நாலு மூலைக்கு நாலு பை. பழைய அரிசிப் பை இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. மறுநாள் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டிவிட்டு, பையை வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம்.

கூடாரம் எங்கே போடுவது? பூங்காக்காரர்கள் முகாமுக்கென்று காட்டும் இடத்தில். அதற்குள்ளும் இடம் பார்க்கவேண்டும். அண்ணாந்து பாருங்கள்: தேங்காய் இருக்கிறதா, பட்டுப்போன கிளை தொங்குகிறதா? இருந்தால் தள்ளிப் போங்கள். பிறகு கீழே பாருங்கள்: மணலில் காய்ந்த இலை, சுள்ளி, பிளாஸ்டிக் போத்தல் எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடல் கடைசியாக அதுவரைக்கும் வந்துபோயிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள், ஏனென்றால் அடுத்த ஏற்றம் அதையும் தாண்டலாம்.

பினாங்கில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் பெரிசு, சுமார் இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். இப்போது காலண்டரை எடுங்கள். உலர்ந்த காலத்தில் நமக்குக் கிடைக்கும் இரண்டு நல்ல விடுமுறை எவை? சீனப் புத்தாண்டும் தைப்பூசமும். முன்னது அமாவாசையை ஒட்டி வரும், பின்னது பௌர்ணமியை ஒட்டி வரும். ஊரே கடற்கரைக்கு வரும் இரண்டு நாளும் கடலும் ரொம்ப மேலே வரும் நாள். வராதீர்கள் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு வாருங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் நிலா இல்லாததால் நட்சத்திரம் அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும், அதற்காகவே வரலாம். தைப்பூசத்துக்கு வந்தால் மட்டும் ஒரு சொல்: தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து, படி ஏறி இறங்கிய மறுநாளே காட்டில் நடக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன். பாதி வழியில் என் மனைவி பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பூங்காவைப் பற்றிக் கொஞ்சம். இது முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்தது, 2003இல் தேசியப் பூங்கா ஆனது. சுமார் 2,500 ஹெக்டர், அதில் பாதிக்கு மேல் கடல். நாட்டின் மற்ற தேசியப் பூங்காக்களோடு ஒப்பிட்டால் கைக்குட்டை அளவுதான், ஆனால் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கடலோரமாகப் போனால் தெலுக் துக்குன், அப்புறம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம் இருக்கும் தெலுக் ஆலிங், அப்புறம் மங்கி பீச். அதற்கு மேல் ஏறினால் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம், 1883இல் கட்டியது. இடது பக்கப் பாதை மலையைத் தாண்டி கெராச்சுட். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், ஒன்பது வயதுப் பிள்ளையோடு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம், வேர்ப்படி, இறக்கம். செருப்பு உதவாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி இருக்கிறதே, ஈரப் பாதைக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. விலையும் குறைவு.

மங்கி பீச்சில் தங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பகலில் போய் வாருங்கள். படகுகள், இரைச்சல், கூட்டம். ராத்திரி அமைதி வேண்டுமென்றால் கெராச்சுட்தான். அதையும் தாண்டி தெலுக் கம்பி என்று நீளமான ஒரு கடற்கரை இருக்கிறது. அதை இரண்டாம் மூன்றாம் தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சாமானைப் படகில் அனுப்பச் சொல்வதற்குக் காரணம் தண்ணீர். பெரியவர்களுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர், பிள்ளைகளுக்கு இரண்டு, சமைக்க நாலு என்று வைத்தாலும், உங்கள் குடும்பத்துக்கு ஓர் இரவுக்குப் பதினைந்து லிட்டரைத் தாண்டும். அதாவது பதினைந்து கிலோவுக்கு மேல். அதோடு கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாம் தூக்கிக்கொண்டு மலை ஏறினால், போய்ச் சேரும்போது கணவன் மனைவி பேச்சுவார்த்தை இருக்காது. தெலுக் பஹாங் படகுத்துறையில் படகு எடுத்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் கெராச்சுட். கட்டணத்தை ஏறுவதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள். போக மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா, எத்தனை மணிக்கு வந்து ஏற்றுவார் என்பதைத் தெளிவாகக் கேட்டு, படகுக்காரர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் போன் சிக்னலை நம்பமுடியாது, ஆகவே நேரத்தைப் பேசி வைப்பதுதான் முக்கியம். எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தால் ஏறுங்கள், இல்லாவிட்டால் அடுத்த படகு. நான் ஒரு தடவை, பெயர் வேண்டாம், ஒருவரிடம் முழுக் கட்டணமும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு மறுநாள் மதியம்வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் பாதி ஏறும்போது, பாதி திரும்பி இறங்கும்போது.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா? நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான். பார்க்கத் தெளிவாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் நம் நாட்டில் ஓடை, அருவிக்கரைகளிலிருந்து பலருக்கு வந்திருக்கிறது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் படாமல் மூடி ஒட்டிவிடுங்கள். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டு ஓடையில் இறங்கினோம் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு ரொம்ப யோசிக்காதீர்கள். மதியத்துக்குப் புளிச்சோறு, அவித்த முட்டை, நெத்திலிச் சம்பல். அந்தக் காலத்தில் கட்டுச்சோறு கட்டியவர்கள் புளியைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை, வெயிலில் எலுமிச்சைச் சோறு வாடிப்போகும் நேரத்திலும் புளிச்சோறு நிற்கும். ராத்திரிக்குச் சின்ன கேஸ் அடுப்பில் சோறும் சார்டின் டின் கறியும். வெங்காயம், மிளகாயை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுவிடுங்கள். காலைக்கு மேகி. விறகு மூட்டிச் சமைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சவுக்கு இலைச்சருகு நெருப்பை இழுக்கும், கரைக்கு முட்டையிட வரும் ஆமைகளுக்கும் அந்த வெளிச்சம் ஆகாது.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்கமுடியாது. இங்கே இரண்டு வகை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, மூக்குக்கண்ணாடி போட்ட தாத்தா மாதிரி மரத்தின் மேலே உட்கார்ந்து இலை தின்பது லோத்தோங். அது பரம சாது. குட்டி பிறந்தால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பார்த்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மற்றது நீண்ட வால் குரங்கு, கெரா. அதற்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று தெரியும். ஜிப்பைத் திறக்கவும் தெரியும். எங்கள் முகாமில் ஒரு தடவை பெரிய கெரா ஒன்று கூடாரத்துக்குள் போய், பிஸ்கட்டை விட்டுவிட்டு மசாலைத்தூள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடியது. மரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்தது. அப்புறம் எங்களைப் பார்த்து முறைத்த முறைப்பு! சிரித்தோம், ஆனால் அன்றைக்கு ராத்திரி கறியில் மசாலா இல்லை. சாப்பாட்டை மூடி இறுகும் கெட்டியான பெட்டியில் வையுங்கள், கூடாரத்துக்குள் ஒன்றும் வைக்காதீர்கள். பிள்ளைகள் கையில் தின்பண்டத்தோடு நிற்கக்கூடாது. குரங்கு பல்லைக் காட்டினால் அதன் கண்ணைப் பார்க்காமல், ஓடாமல், மெதுவாகப் பின்னால் வாருங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றைக்கே கிளினிக்.

குரங்கைவிட என்னைத் தூங்கவிடாதது அகாஸ். கண்ணுக்குத் தெரியாத மணல் ஈ. விடியலிலும் அந்தியிலும் கணுக்காலைக் குறிவைக்கும், இரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பு உச்சத்துக்குப் போகும். முழுக்கால் சட்டை, காலுறை. கூடாரத்தின் வலை பொடிக்கண்ணாக இருக்கவேண்டும், சாதாரண கொசுவலைக்குள் இது நுழைந்துவிடும்.

கடலில் குளிப்பதா? கெராச்சுட்டில் வேண்டாம் என்பதுதான் என் பதில். பலகையிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நீரோட்டம் ஒன்று, ஜெல்லிமீன் ஒன்று. பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லிமீன் வகைகள் உண்டு, அவற்றின் விஷம் விளையாட்டில்லை. ஒரு போத்தல் வினிகர் எடுத்துப் போங்கள். பட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது. வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கையால் தொடாமல் குச்சியாலோ இடுக்கியாலோ எடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் உடனே காவலர்களிடம் ஓடுங்கள், 999 அழையுங்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டு இல்லாமல் போகிறதே என்றால், வெளியே வந்த பிறகு தெலுக் பஹாங் வனப்பூங்காவின் ஓடைக் குளத்தில் ஆடவிடுங்கள். மேலே மழை பெய்யாத நாளாகப் பார்த்து.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலானோர் பினாங்கில்தான், கடற்கரைக்கு உல்லாசமாக வந்தவர்களும் அதில் உண்டு. தரை ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தாலோ, மீன் பொறுக்கப் போகக்கூடாது. திரும்பிப் பார்க்காமல் வந்த பாதையில் மலைமேல் ஏறவேண்டும். கெராச்சுட்டில் மலை பக்கத்திலேயே இருப்பது ஒரு வசதி.

ஆமை. உங்கள் சின்னது கட்டாயம் கேட்கும். கெராச்சுட்டில் மீன்வளத்துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பெரும்பாலும் பச்சை ஆமை, ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வாக்கில் முட்டையிட வரும். பெரும்பாலான ராத்திரி எதுவும் வராது, அதனால் வாக்குக் கொடுத்து அழைத்து வராதீர்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கம் இருக்கும், பொரிய ஐம்பது அறுபது நாள். மணல் அதிகம் சூடானால் பெண், சூடு குறைந்தால் ஆண். குஞ்சு பொரிந்ததும் வெளிச்சமான பக்கம் நோக்கி ஓடும், இருட்டில் கடல்தான் வெளிச்சம் என்று அதன் கணக்கு. நாம் வெள்ளை டார்ச்சை அடித்தால் அது நம் பக்கம் வரும். டார்ச்சின் முகத்தில் சிவப்பு செல்லோபேன் தாளை ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவிடுங்கள், தீபாவளிப் பலகாரக் கூடை சுற்றும் தாள் போதும். அப்புறமும் ராத்திரியில் காவலர் இல்லாமல் கரையோரம் நடக்கக்கூடாது.

வருவது எப்படி என்றால், கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் நாலு மணி நேரம் சொச்சம். நடந்துபோய் ஃபெரி ஏறுங்கள். இறங்கியதும் ரேப்பிட் பினாங்கு 101 பஸ், பத்து பிரிங்கி வழியாக தெலுக் பஹாங். முந்தின நாளே வந்து ஜார்ஜ்டவுனிலோ பத்து பிரிங்கியிலோ தங்கிவிடுங்கள். அடுப்புக்கு கேஸ் டின்னை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, எட்டு மணிக்கெல்லாம் பூங்கா வாசலில் இருந்தால், வெயில் ஏறுவதற்குள் மலையைத் தாண்டிவிடலாம்.

இனி உங்கள் மாமியார். நீங்கள் வயது சொல்லவில்லை, நடப்பார்களா என்றும் சொல்லவில்லை. முட்டி வலி இல்லாவிட்டால், சாமானோடு அவர்களையும் படகில் ஏற்றுங்கள், துணைக்கு உங்கள் வீட்டுக்காரர். படகில் ஏறி இறங்கும் அந்த ஒரு நிமிடம்தான் கஷ்டம், கை கொடுத்தால் போதும். தரையில் படுத்து எழ முடியாதவர் என்றால் மடக்குக் கட்டில் ஒன்று வாடகைக்கோ விலைக்கோ எடுங்கள். அதுவும் சரிப்படாது என்றால் பத்து பிரிங்கியில் அறை எடுத்து அவர்களையும் வீட்டுக்காரரையும் அங்கே விட்டுவிட்டு, நீங்களும் பிள்ளைகளும் மட்டும் வாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், எங்கள் முகாமுக்குச் சமைக்க வந்த ஒரு பாட்டிக்கு எழுபத்திரண்டு வயது. கரையிலிருந்த புன்னை மரத்தைப் பார்த்து "இந்த மரம் எங்க எஸ்டேட் கோயில்ல நின்னுச்சு" என்று அதன் கீழேயே பாயை விரித்துவிட்டார். ஜார்ஜ்டவுன் நிற்கும் முனைக்கே பழைய பெயர் தஞ்சோங் பெனாகா, புன்னை முனை. அந்தச் சுமத்ரா அடித்த ராத்திரியில் மிலோ கலக்கியதும் அவர்தான்.

தேதியை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று பார்த்துச் சொல்கிறேன்.